கணவாயைக் கடந்த இரண்டாம் வண்டி

டொக்... டொக்... டொக்...

வெகுகாலத்துக்கு முன்பு கூகைக் கணவாயில் அந்தச் சத்தம் கேட்கும். மரமணியின் சத்தம். வெண்கல மணியைப் போல அது இனிக்காது. காய்ந்த சுரைக்குடுவைக்குள் கூழாங்கல் உருள்வதைப் போல இருக்கும். ஆனாலும் கணவாயின் உச்சியில் குடியிருந்த அழுங்குக்கு, உலகத்தில் அதைவிடப் பிடித்த சத்தம் வேறில்லை.

அழுங்கு என்றால் எறும்புத்தின்னி. உடம்பெல்லாம் செதில். பயந்தாலும் மனம் நொந்தாலும் பந்தாகச் சுருண்டுகொள்ளும். காட்டுச் சபை அதைக் கணவாய்க் காவலுக்கு வைத்திருந்தது. அதற்கு ஒரு பெயரும் உண்டு. கூப்பிட ஆளில்லாததால் அதுவே தன் பெயரை மறந்துவிட்டது.

கணவாய்க்கு இந்தப் பக்கம் குளம். அந்தப் பக்கம் ஆறு. கோடையில் குளம் வற்றும்போது, வெயிலில் நடக்க முடியாத சிறு உயிர்களை மருதன் என்ற எருமை வண்டியில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோகும். போய்த் திரும்ப ஒரு பகல் ஆகும்.

வண்டியின் பின்பக்கம் ஒரு மரமணி தொங்கும். நுகத்தைச் சுமந்த எருமையால் திரும்பிப் பார்க்க முடியாது. மணி கேட்டால் வண்டி பின்னால் இருக்கிறது என்று பொருள். மணி நின்றால் மருதனும் நின்றுவிடும்.

கணவாய்க்குச் சபை வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு கழுத்துக்கு ஒரு வண்டி.

அந்த ஆண்டுக் கோடையில் குளத்தில் இரண்டு நாள் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. மருதன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. தவளைகள் ஏறிக்கொண்டன. மணலி என்ற ஆமை தன் மூன்று குஞ்சுகளை ஏற்றிவிட்டது. அதற்குள் வண்டி நிறைந்துவிட்டது.

"பரவாயில்லை மருதா, நீ கிளம்பு. நான் நாளைக்கு வர்றேன்" என்றது மணலி.

"அம்மா!" என்று மூன்று குஞ்சுகளும் ஒன்றாய் அழுதன.

அப்போது சுழியன் என்ற நரி அங்கே வந்தது. அதன் பின்னால் ஒரு பழைய வண்டி நின்றது. அதில் பாதிக்குமேல் பனம்பழம்.

"எதுக்கு மருதண்ணே ரெண்டு நடை? இதையும் பின்னால் கட்டிக்கோ! பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டே மணலி அக்காவும் வந்துடலாம். எம் பழமும் அழுகாம போய்ச் சேரும்!"

"சட்டம் இருக்கே" என்றது மருதன்.

"இந்தக் காட்டிலேயே பெரிய கழுத்து உன்னோடதுதான். உனக்குப் போயா இந்தச் சட்டம்? இதோ பாரு, இந்த வண்டிக்கும் மணி கட்டியிருக்கேன்!"

மருதனுக்குக் கழுத்தைப் பற்றிச் சொன்னது பிடித்திருந்தது. மணலி தன் குஞ்சுகளைப் பார்த்தது. பிறகு பனம்பழங்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தது. நரி ஒரு காட்டுக்கொடியால் இரண்டு வண்டிகளையும் சேர்த்துக் கட்டியது.

வெயில் ஏறும் நேரத்தில் அவர்கள் கணவாய் உச்சிக்கு வந்தார்கள். அழுங்கு பாதையின் நடுவில் நின்றது. காலையிலிருந்தே காதைத் தீட்டிக் காத்திருந்ததால் அதன் கண்கள் மின்னின. இரண்டாம் வண்டியைக் கண்டதும் முகம் மாறியது.

"மருதா, இது என்ன? ஒரு கழுத்துக்கு ஒரு வண்டி!"

"பாரம் ஒன்னும் பெரிசில்லை" என்றது மருதன். "போன வருஷம் இதைவிடக் கூடுதலா இழுத்தேனே!"

"பாரத்துக்காக வைச்ச சட்டம் இல்லை இது. ஏற்றத்தில் நீ வண்டியை இழுக்கிறே. இறக்கத்தில் வண்டி உன்னைத் தள்ளும். ரெண்டாவது வண்டி முதல் வண்டியைத் தள்ளும். வளைவில் நீ ஒரு பக்கம் திரும்பினா, பின் வண்டி இன்னொரு பக்கம் போகும். அதுவும் போக, ரெண்டு மணி ஒன்னா அடிச்சா, எது நின்னுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மருதன் யோசித்தது.

"பின் வண்டியை அவிழ்த்து இங்கேயே விட்டுட்டுப் போ" என்றது அழுங்கு. "மணலியை நான் நிழலில் வைச்சுப் பார்த்துக்கறேன். குடிக்கச் சுனைத் தண்ணி இருக்கு. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போ. நாளைக்கும் நீ வரலாம் இல்லையா?"

கடைசி வார்த்தைகளில் அதன் குரல் கொஞ்சம் குழைந்தது. நரி அதைப் பிடித்துக்கொண்டது.

"ஓஹோ! இப்போ புரியுது!" என்று அது சிரித்தது. "சட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! உன்னை யாரும் எட்டிப் பார்க்கிறதில்லை. மருதண்ணன் ரெண்டு தடவை வந்தா ரெண்டு தடவை பேசலாம். ராத்திரி பூரா மணலி அக்காவோட கதை அளக்கலாம். அதுக்குத்தானே இவ்வளவு சட்டம் பேசுறே? பேச்சுத்துணைக்குப் பிச்சை எடுக்கிறியே, வெட்கமா இல்லை?"

முன் வண்டியிலிருந்த தவளைகள் கொல்லென்று சிரித்தன.

அழுங்கு வாயைத் திறந்தது. 'இல்லை' என்று சொல்லத்தான் நினைத்தது. ஆனால் நேற்று இரவே அது, மருதன் வந்தால் என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது. நரி சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மையாக இருந்ததால், மீதியும் உண்மைதானோ என்று அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தலை தாழ்ந்தது. வால் மேலே மடிந்தது. அழுங்கு பந்தாகச் சுருண்டு பாதையோரம் உருண்டு ஒதுங்கியது.

"அழுங்கு, கோவிச்சுக்காதே" என்றது மணலி.

"வழி விட்டாச்சு! நட அண்ணே!" என்றது நரி.

டொக் டொக்... டொக் டொக்... என்று இரட்டைச் சத்தம் இறக்கத்தில் போயிற்று. செதில்களுக்குள் இருட்டில் அழுங்கு அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தது. முதல் வளைவு. டொக் டொக். இரண்டாம் வளைவு. டொக் டொக். மூன்றாம் வளைவில் ஒரு 'சடக்'. அதன் பிறகு... டொக்... டொக்... டொக்...

ஒற்றைச் சத்தம்.

அழுங்கு விரிந்து எழுந்து ஓடியது. "மருதா! நில்லு! மருதா!" என்று கத்தியது. பேசிப் பழகாத தொண்டை. குரல் பத்தடிகூடத் தாண்டவில்லை. மருதனின் காதில் பக்கத்து மணி மட்டும் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. மணி அடிக்கிறது, வண்டி இருக்கிறது என்று அது தன்பாட்டில் நடந்தது. நரி முன்னால் பாடிக்கொண்டே போனது.

ஆற்றங்கரையில் நின்றபோதுதான், வெயிலுக்கு ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த குஞ்சுகள் தலையை நீட்டி, "அம்மா எங்கே?" என்று கேட்டன.

மருதன் நுகத்திலிருந்து கழுத்தை விடுவித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தது. அறுந்த கொடி தரையில் கிடந்தது.

"ஐயோ, எம் பனம்பழம் போச்சே!" என்று அலறியது நரி.

மூன்றாம் வளைவுக்குக் கீழே ஒரு ஆழமான பள்ளம். நான்கு பக்கமும் வழுக்குப் பாறை. அடியில் ஒரு சிறு குட்டை. வண்டி நொறுங்கிக் கிடந்தது. மணலி குட்டையின் ஓரத்தில் உயிரோடு இருந்தது. ஒரு முன்கால் முறிந்திருந்தது.

"பிள்ளைங்க போய்ச் சேர்ந்தாங்களா?" என்று அது கீழிருந்து கேட்டது.

"சேர்ந்துட்டாங்க" என்றது விளிம்பில் நின்ற அழுங்கு.

மூன்று நாள் காடே கூடிக் கொடிகளைப் பின்னி இறக்கியது. கொடி அடிவரை எட்டியது. ஆனால் ஒற்றை முன்காலால் அதைப் பற்றிக்கொண்டு தொங்க மணலியால் முடியவில்லை; வழுக்குப் பாறையில் இறங்கி அதைக் கட்டிவிடவும் யாராலும் முடியவில்லை. நான்காம் நாள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். நரி அதற்கு முன்பே வேறு காட்டுக்குப் போய்விட்டது. மருதன் அதன் பிறகு நுகத்தைத் தொடவில்லை.

அழுங்கு மட்டும் மாலைதோறும் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தது. ஆற்றைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அதைக் கீழே சொன்னது. சேதி இல்லாத நாட்களில் இரண்டும் சும்மா இருந்தன.

"உன்னை எல்லாரும் அழுங்குன்னே சொல்றோம். உன் பேர் என்ன?" என்று ஒருநாள் மணலி கேட்டது.

அழுங்கு வெகுநேரம் யோசித்தது. நினைவுக்கு வரவில்லை.

நம் மனதில் ஒரு சொந்த ஆசை இருக்கிறது என்று யாராவது குத்திக்காட்டினாலும், சொல்லும் சொல் நியாயமானால் கூசி வழிவிடக் கூடாது.

மணலி அந்தப் பள்ளத்துக் குட்டையில் பதினோரு மழைக்காலம் இருந்தது. அதன் மூன்று குஞ்சுகளும் முதல் வெள்ளத்திலேயே ஆற்றோடு கீழே போய்விட்டன.