பழிக்கல்லில் ஒரு பெயர்

இந்தப் புதிரைக் கேட்டவர்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள். நீங்களும் வரலாம். முழுவதையும் கேட்டுவிட்டு வாருங்கள், அவ்வளவுதான்.

ஓர் ஆற்றின் இருபுறமும் இரண்டு நாடுகள் இருந்தன. வடகரையில் குற்றம் செய்தவன் ஆற்றைத் தாண்டித் தென்கரைக்குப் போய்விட்டால் அவனை யாரும் தொட முடியாது. தென்கரைக்காரனுக்கும் அதே வசதி. பல காலம் கள்வர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. கடைசியில் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரு நாட்டின் நீதிபதி ஆளின் பெயரையும் குற்றத்தையும் எழுதி முத்திரை ஓலை அனுப்பினால், மற்ற நாடு அந்த ஆளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் ஓலையில் எழுதிய குற்றத்துக்கு மட்டுமே அவனை விசாரிக்கலாம். வழக்கு முடிந்ததும் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். அக்கரையிலிருந்து சாட்சி சொல்ல வருகிறவனைத் தொடவே கூடாது.

இப்படி முதலில் பிடிபட்டவன் சடையன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் வடகரைச் சத்திரத்துக் குதிரையை அவிழ்த்துக்கொண்டு ஓடியவன். தென்கரைத் தலைவர் காளத்தியார், வடகரை நீதிபதி விழுப்பரையரின் கையில் நீர் வார்த்து, உடன்படிக்கையை மீறுவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவனை ஒப்படைத்தார்.

முதல் நாள் மன்றத்தில் உடன்படிக்கையை எல்லோரும் கேட்க உரக்கப் படித்தார்கள். இரண்டாம் நாள் சடையன் யாரும் கேட்காமலே வாயைத் திறந்தான்.

"குதிரையை மட்டும் இல்லீங்க. தில்லையனைக் கொன்னதும் நான்தான். அந்தப் பயத்துலதான் குதிரை ஏறி ஓடினேன்."

தில்லையனின் தாய் அஞ்சுகம் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கொலைக்குத் தண்டிக்கப்பட்டவன் அவளுடைய இளைய மகன் அம்பலவாணன். வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் கட்டிப் புரண்டதைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னவளே அவள்தான். சிறையில் அவனை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. போன ஐப்பசியில் அவன் அங்கேயே செத்துப்போனான். கொலைகாரன் பெயரை ஊர் எல்லையில் பழிக்கல்லில் வெட்டிவைப்பது வடகரை வழக்கம். பெயர் அங்கே இருக்கும்வரை செத்தவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கூடாது. அம்பலவாணன் பெயர் அங்கேதான் இருந்தது.

எழுத்தர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். நடக்கிற வழக்குக்குச் சேராத சொல்லை ஏட்டில் ஏற்ற அவருக்கு அனுமதி இல்லை.

அஞ்சுகம் எழுந்து வந்து நீதிபதியின் முன்னால் நின்றாள். "ஐயா, இவனைத் தண்டிங்கன்னு நான் கேக்கல. எம்புள்ள பேரை மட்டும் அந்தக் கல்லுல இருந்து எடுத்துடுங்க. நான்தான் அவனைக் கெடுத்தேன்."

"செத்தவன் வழக்கைத் திறக்க வழியில்லம்மா," என்றார் விழுப்பரையர். "இவனை இந்தக் கொலைக்காக விசாரிக்கவும் முடியாது. வாக்குக் கொடுத்துட்டேன்."

குதிரைத் திருட்டுக்கு முப்பது அடி கொடுத்து, சடையனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். அஞ்சுகம் பின்னாலேயே நடந்தாள். "நீயா இங்கேயே நின்னுட்டா விசாரிக்கலாமாம். நில்லுப்பா," என்று கெஞ்சினாள். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு அவன் படகில் ஏறினான். அழுதுகொண்டுதான் ஏறினான், அதை நான் மறைக்கவில்லை.

மறுநாள் பட்டப்பகலில் அஞ்சுகம் உளியும் சுத்தியலுமாகப் போய் அந்தப் பெயரைக் கொத்தி அழித்தாள். அது பெரிய குற்றம். பயந்துபோன உறவுக்காரர்கள் அவளையும் ஆற்றைத் தாண்டி அனுப்பிவிட்டார்கள்.

விழுப்பரையர் அன்றைக்கே தன் கையால் ஓலை எழுதினார். 'பெயர்: அஞ்சுகம். குற்றம்: பழிக்கல்லில் கொலைகாரன் பெயரை அழித்தது.' கொன்றவனுக்குப் படகு, பெற்றவளுக்கு ஓலையா என்று ஊரே அவரைக் காறித் துப்பியது. அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

ஓலையைப் படித்த காளத்தியார் கொதித்துப்போனார். "இந்தப் பெத்த வயித்தையா நான் புடிச்சுக் குடுக்கணும்?" என்று அதை ஆற்றில் வீசினார். அஞ்சுகத்துக்கு ஒரு குடிசையும் கறவை மாடும் கொடுத்தார். இன்னும் இரண்டு ஓலைகள் வந்தன. அவையும் ஆற்றில் போயின. மூன்றாம் ஆண்டு அஞ்சுகம் தென்கரையில் கண்ணை மூடினாள். வடகரையில் கல்லைப் பழுதுபார்த்து, அம்பலவாணன் பெயரை மறுபடியும் வெட்டிவைத்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். யாரும் கேட்காமலே உண்மையைச் சொன்ன சடையன், தாய்க்கு ஓலை எழுதிய விழுப்பரையர், அவளைக் கொடுக்க மறுத்த காளத்தியார் ஆகிய இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சடையனை முதலில் தள்ளிவிடுங்கள். உடன்படிக்கையைப் படிக்கக் கேட்டு, தன்னை எதுவும் செய்ய முடியாது என்று தெரிந்த மறுநாள்தான் அவனுக்கு மனசாட்சி விழித்தது. காளத்தியாருடையது இரக்கம்தான், ஆனால் அந்த ஓலையை அவர் சரியாகப் படிக்கவில்லை. அஞ்சுகத்தின் மேல் அதில் சாட்டிய குற்றம், கொலைகாரன் பெயரை அழித்தது. மன்றத்துக்கு வந்து, "நான் அழித்தது கொலைகாரன் பெயர் இல்லை" என்று அவள் சொல்லியிருந்தால், கொன்றது யார் என்பதே அங்கே வழக்காகியிருக்கும். சடையனைச் சாட்சிக்கு அழைத்திருக்கலாம்; அக்கரைச் சாட்சியைத்தான் தொடக் கூடாதே. தனக்கு ஆபத்தில்லை என்றால் உண்மை பேசுகிறவன்தானே, வந்திருப்பான். எழுத்தர் எழுதியே தீர வேண்டும், கல்லில் அந்தப் பெயருக்கு மறுபடி இடமிருந்திருக்காது. கொடுத்த வாக்கையும் மீறாமல் அந்தப் பெயரைத் துடைக்க இருந்த ஒரே வழியைக் கண்டுபிடித்தவர் விழுப்பரையர். அவர் செய்ததே சரி. ஆனால் விசாரணைக்கு முன் நீதிபதி வாய் திறக்கக் கூடாது என்று, 'பயப்படாமல் வரச் சொல்' என்ற ஒரு வார்த்தையைக்கூட அவர் சொல்லியனுப்பவில்லை. சரியாகச் செய்த அந்த மனிதர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை. தன் பிள்ளையின் பெயரைக் காப்பாற்ற மூன்று முறை முயன்றவரை, விவரம் தெரியாமல் சாகும்வரை சபித்துக்கொண்டிருந்தாள் அஞ்சுகம்.