இரண்டாவது கம்பி

"டீச்சர், சுருதி நிக்க மாட்டேங்குது."

இருதயராஜ் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் மூச்சு வாங்கினார். மாடிப்படி அப்படி.

பெர்னதெத் டீச்சர் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பாலக்கரையில் ஒரு பழைய கட்டிடம், அதன் மொட்டை மாடியில் ஒரு தகர அறை. கிட்டார் சொல்லிக்கொடுப்பதும் அங்கேதான், பழுது பார்ப்பதும் அங்கேதான். திருச்சியில் கிட்டார் பிடித்த கைகளெல்லாம் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். இருதயராஜ் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

"எந்தக் கம்பி?"

"ரெண்டாவது. வாசிக்கும்போது ஒரு இழுப்பு இழுத்தேன்னா போதும், இறங்கிப் படுத்துக்குது. என்னை மாதிரியே."

டீச்சர் கிட்டாரை மடியில் வாங்கினார். வான நீலம். பழைய காலத்து அச்சில் வார்த்த புதுக் கிட்டார். பிறந்தது போன வருஷம், தோற்றம் மட்டும் ஐம்பது வருஷத்துக்கு முந்தையது. இருதயராஜின் மை பூசிய மீசைக்கு நேர் எதிர்.

"எப்படி சுருதி சேக்குறீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

இருதயராஜின் முகம் சுருங்கியது.

"நான் மஸ்கட்ல வாசிச்சவன், டீச்சர்."

"சரி."

"நாப்பது வருஷமா வாசிக்கிறேன்."

"சரி. இப்ப நான் என்ன செய்யணும்?"

இருதயராஜ் பையிலிருந்து ஒரு டப்பா எடுத்தார். உள்ளே பளபளவென்று புதுக் கீ. கம்பியைக் கவ்விப் பிடித்து முறுக்குகிற ரகம்.

"இதுல இருக்கிறது பழைய மாடல் கீ. அதான் பிடிக்க மாட்டேங்குது. கழட்டிட்டு இதைப் போட்டுடுங்க."

டீச்சர் கழட்டினார். போட்டார்.

*

"டீச்சர், மறுபடியும் இறங்குது."

இந்தத் தடவை பையில் ஒரு நட் இருந்தது. கம்பிகளின் தலைமாட்டில், கழுத்துக்கு மேலே, ஒவ்வொரு கம்பியும் தனித்தனி வரப்பில் கடந்து போகுமே, அந்தச் சின்னத் துண்டு. எலும்பில் செய்தது.

செல்போனில் ஒரு பையன் சொல்லியிருந்தான். "வணக்கம் மக்களே! உங்க கிட்டார் சுருதி இறங்குதா? கவலையை விடுங்க! நட்டை மாத்துங்க! அப்படியே பெல் பட்டனையும் ஒரு தட்டு தட்டிடுங்க!"

இருதயராஜ் பட்டனையும் தட்டியிருந்தார், நட்டையும் வாங்கியிருந்தார்.

"சுருதி எப்படி..." என்று ஆரம்பித்தார் டீச்சர். இருதயராஜின் முகத்தைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

நட்டை மாற்றிக் கொடுத்தார்.

*

அதற்கடுத்த தடவை பிரிட்ஜ். கம்பிகளின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கும் இரும்பு. தலைமாட்டில் கோளாறு இல்லையென்றால் கால்மாட்டில்தானே இருக்க வேண்டும்.

அதையும் டீச்சர் மாற்றினார். வேர்க்கடலை நீட்டினார். இருதயராஜ் வேண்டாம் என்றார். அவருக்கு மெல்லக்கூட அலுப்பாக இருந்தது.

*

கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தார். அது கலகலத்தது.

"என்ன வாங்கியிருக்கீங்க?"

"ஒண்ணும் வாங்கல. எல்லாம் பழசு. இதுலேர்ந்து நீங்க கழட்டினதுதான். கீ, நட்டு, பிரிட்ஜு எல்லாத்தையும் மறுபடி மாட்டிடுங்க."

டீச்சர் அவரைப் பார்த்தார்.

"கந்தவேல் போன் பண்ணான்" என்றார் இருதயராஜ். கந்தவேல் அவர் வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் முதலாளி. இருதயராஜ் குரலைக் குழைத்துக்கொண்டு அவனாகவே பேசினார். "'அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நீங்க எங்களுக்கெல்லாம் அப்பா மாதிரிண்ணே. ஞாயித்துக்கிழமை அரியலூர் ரிசப்ஷன்ல ஒரு தடவை பாத்துக்கலாம்ண்ணே. அன்னிக்கும் இறங்குச்சுன்னா, உங்க பார்ட்டை யாழினியே கீபோர்டுல பாத்துக்கட்டும்ண்ணே. நீங்களும் ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்ண்ணே.'"

சொந்தக் குரலுக்குத் திரும்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அவ கீபோர்டுல ஒரு பட்டன் இருக்கு, டீச்சர். அமுக்கினா கிட்டார். அதுக்கு சுருதியே இறங்காது."

துணிப்பையை டீச்சர் பக்கம் தள்ளினார்.

"போறதுதான் போறேன். கிட்டார் வந்த கோலத்துலயே போகட்டும். மாட்டிடுங்க."

டீச்சர் மாட்டினார். அவசரமில்லாமல். இருதயராஜ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஸ்குரூ திரும்பும் சத்தம் கேட்டது. கீழே பஸ் ஹாரன் கேட்டது. பிறகு டீச்சர் குரல் கேட்டது.

"முடிஞ்சுது. கீழே போயிட்டு வாங்க."

"என்ன வாங்கிட்டு வரணும்? டீயா?"

"ஒண்ணும் வேணாம். போயிட்டு வாங்க."

"டீச்சர், எனக்கு முட்டி..."

"மெதுவா வாங்க."

*

இருதயராஜ் இறங்கினார். படிக்கொரு வசவு. பாதி டீச்சருக்கு, பாதி முட்டிக்கு.

தெருவில் வெயில். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"சார், எங்க போகணும்?"

"மேல."

"மேலயா? அதுக்கெல்லாம் ஆட்டோ போகாது சார். தன்னால கூப்பிடுவாங்க."

இருதயராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆட்டோவிலேயே ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தார். போயிருப்பார். கிட்டார் மேலே இருந்தது.

அடிப்படியில் உட்கார்ந்தார். படி குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை தடவை வந்திருக்கிறார், ஒரு தடவைகூட இங்கே உட்கார்ந்ததில்லை. வந்த வேகத்தில் ஏறி, போன வேகத்தில் மஸ்கட்டைச் சொல்லியிருக்கிறார்.

மூச்சு அடங்கியதும் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, குழந்தை ஏறுவதுபோல ஏறினார்.

மேலே வந்து சேர்ந்தார்.

டீச்சர் கிட்டாரை நீட்டினார். "ரெண்டாவது கம்பியைச் சேருங்க."

அவர் சேர்த்தார். எப்போதும் சேர்ப்பதுபோல. முதலில் சுருதிக்கு மேலே ஒரே ஏற்று. பிறகு, கல்யாண வீட்டுப் பெரிய மனிதர் மாடியிலிருந்து வருவதுபோல, மெல்ல மெல்ல இறங்கி வந்து சுருதியில் உட்கார்ந்தார்.

டீச்சர் ஒரு விரலால் அந்தக் கம்பியை இழுத்து விட்டார்.

இறங்கிவிட்டது.

இருதயராஜ் தலை குனிந்தார். "பாத்தீங்களா."

டீச்சர் கீயைப் பிடித்தார். இறக்கினார். இன்னும் இறக்கினார். கம்பி முனகியது. பிறகு அந்த முனகலும் போய்த் தொளதொளத்தது.

"டீச்சர்! எங்க போறீங்க?"

டீச்சர் ஏற்ற ஆரம்பித்தார். கொஞ்சம். நின்றார். இன்னும் கொஞ்சம். சுருதி தொட்டதும் கையை எடுத்துவிட்டார். ஒரு மயிரிழை மேலே போகவில்லை.

கம்பியை இழுத்து விட்டார்.

நின்றது.

இருதயராஜ் இழுத்தார். நின்றது. கோபமாக இழுத்தார், கந்தவேலை இழுப்பதுபோல. அப்போதும் நின்றது.

"இது அந்தப் பழைய கீதானே?"

"அதேதான்."

"அப்ப நான் வாங்கிட்டு வந்ததெல்லாம்?"

"எல்லாம் நல்ல சாமான். பத்திரமா வச்சுக்குங்க."

இருதயராஜ் கம்பியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே, டீச்சர்?"

"கேட்டேன்" என்றார் டீச்சர். "மஸ்கட்னு சொன்னீங்க."

வேர்க்கடலையை நீட்டினார். இந்தத் தடவை இருதயராஜ் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை. அரியலூர். மேடையில் பொண்ணு மாப்பிள்ளையுடன் போட்டோ எடுக்க வரிசை நின்றது. பக்கவாட்டு மேடையில் குழு உட்கார்ந்திருந்தது. முதல் இரண்டு பாட்டில் கிட்டாருக்கு வேலை இல்லை. மூன்றாவது பாட்டு கிட்டாரில்தான் தொடங்கும்.

இருதயராஜ் யாழினி பக்கம் திரும்பினார்.

"சுருதி குடும்மா."

யாழினிக்குப் புரியவில்லை. அவள் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவளிடம் சுருதி கேட்டதில்லை. "எனக்குக் காது இருக்கு" என்பார். கிண்டல் செய்கிறாரோ என்று கந்தவேலைப் பார்த்தாள். கந்தவேல் மணமகனின் மாமாவோடு செல்ஃபியில் இருந்தான்.

ஒரு கட்டையை அமுக்கினாள். ஸ்வரம் வந்தது.

மைக் பிடித்தவர் முழங்கினார். "அடுத்து... உங்கள் நெஞ்சங்களைக் கிள்ள... இல்லை இல்லை, அள்ள... வருகிறது!"

இருதயராஜ் இரண்டாவது கம்பியின் கீயைப் பிடித்தார். இறக்கினார். இறக்கிக்கொண்டே போனார். கம்பி ஸ்பீக்கரில் பெரிதாக முனகியது. முன்வரிசையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

கந்தவேல் ஓடி வந்தான்.

"அண்ணே! அண்ணே! பாட்டு சொல்லியாச்சுண்ணே! என்னண்ணே இந்த நேரத்துல முழுசா இறக்கிட்டீங்க?"

யாழினியின் இன்னொரு விரல் அந்தக் கிட்டார் பட்டனை நோக்கிப் போனது. பாவம், அவளும்தான் என்ன செய்வாள்.

இருதயராஜ் அவளைப் பார்த்தார்.

"கீழே போயிட்டு வந்துடறேன்மா" என்றார். "நீ அந்த ஸ்வரத்துலேர்ந்து கையை எடுக்காம இரு."