மேகம் போடுற கோபுரம்

எஞ்சினைச் சோதிக்கிற எடத்தை மனுசங்க பூட்டிட்டுப் போனதும், ஒரு தவளை உள்ள குடியேறிடுச்சு. எஞ்சின் தண்ணியை ஆற வைக்க அங்க ஒசரமா ஒரு கோபுரம். அதோட அடித்தொட்டியில தேங்குன மழைத்தண்ணியிலதான் தவளை முட்டை விட்டுச்சு.

இப்ப நூறு தலைப்பிரட்டைங்க. ஆனா சித்திரை வெயில்ல தண்ணி விரலளவுக்கு வத்திடுச்சு. ஒருத்தனுக்கும் இன்னும் கால் மொளைக்கல!

தவளை அழுதுச்சு. நரி வந்துச்சு.

"அழாத தங்கச்சி! இந்தக் கோபுரம் மேகம் போடும். எங்க தாத்தா கண்ணால பாத்தாரு, வெள்ள வெள்ளையா கெளம்புமாம். தெனம் ஒரு நண்டு படையல் வை. ஏழாம் நாள் மழைதான்!"

பக்கத்துல இருந்த கொரங்கு அப்படியே நம்பிடுச்சு. ஓடைக்குப் போயி நண்டு புடிச்சுப் புடிச்சு வெச்சுது. கோபுரம் ஒரு ஏப்பம்கூட விடல. நரிக்குத்தான் தொப்பை!

நாலாம் நாள் தவளை கேட்டுச்சு. "நரியண்ணே, அப்பல்லாம் மேகம் போட கோபுரத்துக்கு ஏது தண்ணி?"

"இதென்ன கேள்வி? இந்தத் தொட்டித் தண்ணியதான் உறிஞ்சும்!" நரி பெருமையா சொல்லிடுச்சு.

"அப்ப அது மேகம் போட்டா மொதல்ல எம்புள்ளைங்கதானே காலி?"

கொரங்கு குதிச்சுது. "அடப்பாவி! நாலு நண்டு! என் வெரலைக் கடிச்சுது ஒண்ணொண்ணும்!"

"வெரலை விடுண்ணே!" தவளை கத்துச்சு. "அந்த ஷெட்டுக்குள்ள எஞ்சின் நின்ன குழியில தண்ணி இருக்கா?"

"ஆளு முங்குற அளவுக்கு. நான் தெனம் குடிக்கிறேனே! ஆனா நடுவுல சிமெண்ட் தரை கொதிக்குது. ஒம்புள்ளைங்க எப்படி நடக்கும்? காலே இல்லியே!"

"ஒனக்கு இருக்குல்ல?"

கொரங்கு தலையச் சொறிஞ்சுது. ஷெட்டுக்குள்ள பாஞ்சு, எவனோ விட்டுட்டுப் போன மஞ்ச ஹெல்மெட்டத் தூக்கிட்டு வந்துச்சு. தலைப்பிரட்டைங்கள தண்ணியோட மொண்டுது. ஓடுச்சு. "சுடுது! சுடுது!"ன்னு கத்திக்கிட்டே பதினோரு நடை!

"சாமிக்குத்தம்!"னு நரி சாபம் விட்டுச்சு. யாரும் திரும்பிக்கூடப் பாக்கல.

மூணே நாள்ல தொட்டி வறண்டு வெடிச்சுப் போச்சு. குழியில ஒரு வாண்டு அம்மாகிட்ட நீந்தி வந்துச்சு. "அம்மா, பின்னாடி என்னமோ ஒதைக்குது!"

"கால்டா அது, தங்கம்! நல்லா ஒதை!"

வரம் வாங்கித் தர்றேன்னு எவனாச்சும் படையல் கேட்டா, வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க, கேட்டுட்டு சும்மா ஒக்காராம ஒங்க காலால ஒரு நடை நடங்க.