முக்காலி மகாராஜா

வெகு காலத்துக்கு முன்னால் வெண்ணாற்று நாட்டைச் செம்பிராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவான். மறக்காத சட்டங்களால்தான் ஊருக்கு ஆபத்து.

அந்த நாட்டில் வேடியப்பன் ஜமா என்ற கூத்துக் குழு ஆடினால் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். வேடியப்பன் முப்பது வருஷமாக ராஜா வேஷம் கட்டுகிறவன். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடத்தோடு அவன் திரையை விட்டு வெளியே வந்தால், உட்கார்ந்திருக்கும் சனம் தானாக எழுந்து நிற்கும்.

ஜமாவின் கட்டியக்காரன் பச்சையாண்டி. வருகிற ராஜாவைத் திரைக்கு முன்னால் நின்று "யாருய்யா நீ? எந்த ஊரு?" என்று மடக்குகிற கோமாளி அவன். ராஜா தன் பேர், நாடு, பட்டம் எல்லாம் பாடிச் சொன்னால்தான் கூத்து நகரும். ஐம்பதைத் தாண்டிய பச்சையாண்டிக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு குடைச்சல். ஊரைச் சிரிக்க வைத்தே வயசு போயிற்று. அதனால் யாருக்காவது ஒரு நல்லது நடந்திருக்கிறதா?

அவைப்புலவர் ஏகாம்பரர் பாடும்போது ராஜா தூங்குவான். வேடியப்பன் கூத்துக்கு மட்டும் விழித்திருந்து கைதட்டினான். புலவருக்கு அன்றிலிருந்து வயிறு எரிந்தது.

"மகாராஜா, தங்களைக் கண்டால் சனங்கள் ஏன் எழுந்து நிற்கிறார்கள்?" என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

"பயம்தான். பக்கத்தில் ஈட்டிக்காரன் நிற்கிறானே!"

"அந்த வேடியப்பனைக் கண்டாலும் நிற்கிறார்கள். அவன் பக்கத்தில் ஈட்டிக்காரன் யாரும் இல்லையே."

ராஜாவின் மீசை துடித்தது. "இனி என் நாட்டில் என்னைத் தவிர எவனும் ராஜாவாக உட்காரவும் கூடாது, ஆடவும் கூடாது!"

மறுநாளே ஜமா அரண்மனைக்கு ஓடிவந்தது. "சாமி, ராஜா இல்லாத கதையே எங்ககிட்ட கிடையாதுங்களே" என்றான் பச்சையாண்டி.

புலவர் முந்திக்கொண்டார். "அப்படியானால் ராஜா கதையை ராஜா இல்லாமலே ஆடிக் காட்டு. நாளை மத்தியானம், அரண்மனை முற்றத்தில். கூட்டத்தில் ஒருவன் பாதியில் எழுந்து போனாலும் உங்கள் கிரீடமெல்லாம் அடுப்புக்கு. நீங்கள் நாட்டை விட்டு வெளியே!"

"பலே! அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

திரும்பும் வழியெல்லாம் வேடியப்பன் கிரீடத்தைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான். "எனக்கு வேற என்ன தெரியும் பச்சை?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டான்.

மறுநாள் முற்றம் நிறையச் சனம். பச்சையாண்டி வீட்டிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிவந்து நடுவில் வைத்தான். அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தினான்.

"வந்தாரய்யா எங்க முக்காலி மகாராஜா! மகாராஜா, வரியை ரெண்டு மடங்கா ஏத்திடலாமா?" முக்காலியின் பக்கம் காதைச் சாய்த்தான். "வாயே திறக்கல. வரி ஏறாது!"

கூட்டம் ஆரவாரித்தது.

"பக்கத்து நாட்டு மேல படை எடுக்கலாமா? எந்திரிக்கவே மாட்டேங்கறாரே. சண்டை கிடையாது! சரி, அவைப்புலவர் பாட்டு ஒண்ணு கேக்கறீங்களா?" மறுபடியும் காதைச் சாய்த்தான். "அய்யோ, தூங்கிட்டார்!"

ஈட்டிக்காரர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "இந்த ராஜாவே நமக்கு இருந்துட்டுப் போகட்டும்யா!" என்று கத்தினாள் ஒரு மோர்க்காரி. யாரும் எழுந்து போகவில்லை. "முக்காலி மகாராஜா வாழ்க!" என்ற கோஷம் மட்டும் எழுந்தது.

செம்பிராயனுக்குப் பொறுக்கவில்லை. "நிறுத்து! கட்டைக்கு என்னடா தெரியும்? யாராவது ஒரு ஆள் உட்காருங்கள்!"

"உட்கார முடியாதுங்க சாமி. சட்டம் இருக்கு. இந்த நாட்டுல ராஜாவா உட்கார ஒரே ஒருத்தருக்குத்தான் உரிமை."

"யார் அந்தத் தைரியசாலி?" என்று சுற்றும் முற்றும் பார்த்த ராஜா, எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டான். "ஓ! நானே வருகிறேன். ராஜா எப்படி இருப்பான் என்று காட்டுகிறேன்!"

"திரைக்குப் பின்னால இருந்துதான் வரணுங்க. அது கூத்து முறை."

திரையின் ஒரு முனையை வேடியப்பன் பிடித்தான். மறுமுனைக்கு ஆள் இல்லை. "புலவரே, பிடியும்!" என்றான் ராஜா. மத்தளம் முழங்கியது. திரை இறங்கியது.

"யாருய்யா நீ? எந்த ஊரு?"

ராஜா வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவன் பட்டங்களை வேறு யாரோதான் சொல்லிவந்தார்கள். அவன் ஒரு தடவையும் சொன்னதில்லை.

"நான்... நான்தான்."

"நான்தான்னு ஒரு ஊரா? கேள்விப்பட்டதில்லையே!"

முற்றம் அதிர்ந்தது. "புலவரே, எடுத்துக் கொடும்!" என்று முணுமுணுத்தான் ராஜா.

"ஏடு மடியில் இருக்கிறது மகாராஜா. கை திரையில் இருக்கிறதே!"

பச்சையாண்டியின் நாக்கு நுனியில் அடுத்த வரி தயாராக நின்றது. 'பேரு தெரியாத ராஜாவுக்குப் பேசாத முக்காலியே மேல்!' சொன்னால் ஊர் பத்து வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அப்போதுதான் ராஜாவின் முழங்கால்களைப் பார்த்தான். பட்டுக்குள் அவை நடுங்கிக்கொண்டிருந்தன. முதன்முதலாக வேஷம் கட்டிய அன்று அவனுக்கும் இப்படித்தான் நடுங்கியது. அன்றைக்கு வேடியப்பன்தான் பக்கத்தில் வந்து முதல் அடியைச் சொல்லிக் கொடுத்தான்.

பச்சையாண்டி வந்த சிரிப்பை விழுங்கினான். முகம் துடைப்பவன் போலத் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு நெருங்கினான். "'வெண்ணாற்று நாடாள வந்தேன்'னு தொடங்குங்க சாமி. மெதுவா. நான் கூடவே இருக்கேன்."

ராஜா தொடங்கினான். சுருதி எங்கோ போயிற்று. பச்சையாண்டி காலால் தாளம் போட்டு, அடியடியாகக் கூட்டிக்கொண்டு போனான். பாட்டு முடிந்ததும் ராஜா முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். சனம் எழுந்து நின்றது.

ராஜா மெல்லத் திரும்பிப் பார்த்தான். சிரித்த சிரிப்பில் காவலர்கள் ஈட்டிகளை எப்போதோ கீழே போட்டிருந்தார்கள்.

"தானாகவே எழுந்து நிற்கிறார்களப்பா!" என்றான் குழந்தை மாதிரி.

அந்தக் கணமே வேடியப்பனின் கிரீடத்தை வாங்கித் தன் கையாலேயே அவனுக்குச் சூட்டினான். "சட்டம் ரத்து! எவ்வளவு கஷ்டமான வேலையப்பா உன்னுடையது! புலவரே, ஏடு பார்க்காமல் பாட வரும்வரை நீர் இந்த ஜமாவுக்குத் திரை பிடியும்." பிறகு தன் தங்கக் கடகத்தைக் கழற்றிப் பச்சையாண்டியின் கையில் மாட்டினான். "நடுவில் என்னவோ சொல்ல வந்து விழுங்கினாயே, என்ன அது?"

"மறந்துபோச்சுங்க சாமி."

"பொய்."

"ஆமாங்க."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னும் என்ன வேண்டும்? கேள்!"

பச்சையாண்டி தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா நல்லது சாமி. அது எங்க வீட்டு முக்காலி. வீட்டுக்காரி தேடுவா."

ராஜா எழுந்து நின்றான். அந்த நாட்டில் ராஜா இன்னொருவனுக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.