துகள் ஓட்டிய செப்புக் குடம்

புளியந்தோப்பில் அந்தத் தெருவுக்கு வரும் லாரித் தண்ணீர் முழு வரிசைக்கும் காணாது. நேற்று கடைசியில் நின்றவர்கள் வெறுங்குடத்தோடுதான் போனார்கள். இன்றைக்குத் தவமணியின் குடம்தான் கடைசி. வீட்டில் உலை வைக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

இருந்தது வாய் ஒன்றுதான்.

"ரமீஜாக்கா, நான் பெருக்குற ஆராய்ச்சிக்கூடத்துல நடந்த கூத்து தெரியுமா?" என்றாள், தனக்கு முன்னால் நின்றவளிடம். "அணுவுக்குள்ள இருக்குற துகளைப் புடிச்சு விரட்டுற மிஷின் அது. உள்ள நம்ம குடமாட்டம் செப்புல செஞ்சு வரிசையா கோத்திருக்காங்க. எந்த வடிவம் வச்சா துகள் வேகமா ஓடும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடுது. குடத்து வயித்தைக் கொஞ்சம் உப்ப வைக்கும். வேகம் கூடுனா அப்படியே வச்சுக்கும், கொறஞ்சா பழையபடி ஒடுக்கும். இப்படியே வருசக்கணக்கா முழிச்சிட்டிருந்துச்சு."

"நீ பெருக்கினியா இல்லியா?"

"பெருக்கிக்கிட்டே, 'வாயைச் சுருக்கு, இடுப்பைத் தூக்கு'ன்னேன். கணக்கு முடிஞ்சுபோச்சு!"

சிரிப்பு அடங்குவதற்குள் தவமணியின் குடம் ரமீஜாவைத் தாண்டியிருந்தது.

"கம்ப்யூட்டர் உன் பேச்சைக் கேட்டுச்சாக்கும்?" என்றாள் நடுவரிசை எஸ்தர்.

"கேக்காம? பெரிய சார் கெஞ்சினாரு, 'காந்தத்துக்கும் நீங்களே வடிவம் சொல்லுங்கம்மா'ன்னு. சொன்னேன். அது இழுத்த இழுப்புல அவரு மூக்குக்கண்ணாடி, வாசல்ல நின்ன ஜீப்பு, வானத்துல போன ஏரோப்பிளேன் எல்லாம் உள்ள வந்து சுத்துச்சு!"

"பைலட்டு?"

"ஜன்னல் வழியா டீ கேட்டாரு. சுத்தி வர்றப்ப கையில குடுத்தேன்."

குடம் எஸ்தரையும் தாண்டியது.

"புளுகாதடி!" பின்னாலிருந்து ரமீஜா கத்தினாள்.

"புளுகா? துகள் ஓடின வேகத்துல, சுவிட்சு போடுறதுக்கு முன்னாடியே வந்து சேர்ந்துடுச்சுக்கா! 'இனி எதுக்கு சுவிட்சு?'ன்னு சார் வீட்டுக்குப் போயிட்டாரு. அன்னியிலேர்ந்து கரண்டு பில்லே இல்ல!"

தெருவே குலுங்கிச் சிரித்தது. தவமணியின் குடம் இப்போது முதல் குடம்.

ஹாரன் கேட்டது. முன்னாலிருந்து அல்ல, பின்னாலிருந்து. முன்பக்கத் தெருமுனையில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியிருந்ததால் டிரைவர் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்திருந்தார்.

"இதுக்கு மேல வண்டி வராது. இந்தப் பக்கத்துலேர்ந்து வாங்க!"

முன்னால் நின்றவர்கள் போட்ட கூச்சலை அவர் காதிலேயே வாங்கவில்லை. ரமீஜாவின் குடத்தில் தண்ணீர் விழுந்தது. தவமணிக்கும் குழாய்க்கும் நடுவில் முழு வரிசையும் இருந்தது. குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"அக்கா, அதே மிஷின்ல இன்னொரு நாளு..."

ரமீஜா குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அங்கிருந்தே சொல்லுடி, எங்களுக்கு நல்லா கேக்குது. குடம் கிட்ட வந்து கேக்க வேணாம்."