மாசிலாமணியின் ரொட்டி வேட்டை

"இந்தப் புதுச்சேரியில நல்ல ரொட்டியே கிடையாதும்மா!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார் மாசிலாமணி.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த குரு தாமரைச்செல்வி நிமிர்ந்து பார்த்தார். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். அதெல்லாம் மாசிலாமணி பார்ப்பதில்லை. ஞானம் எங்கே கிடைத்தாலும் முதல் ஆளாக ஓடிப்போய் நிற்பார். நின்ற வேகத்தில் வேறு இடத்துக்கு ஓடியும் விடுவார். எந்தக் குருவிடமும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் அவர் தங்கியதில்லை.

அதனால்தான் மனைவி செண்பகம் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "இதுதான் கடைசி. இந்தக் குருவும் சரியில்லன்னு வந்து நின்னீங்க, அப்புறம் ஞானம் கீனம்னு வாயைத் திறக்கக் கூடாது!"

காலையில் வந்ததும் மாசிலாமணி உபதேசம் கேட்டிருந்தார். "ஊர்ல விறகு அடுப்பு பேக்கரி நிறைய இருக்கு. நல்ல ரொட்டியா ஒண்ணு கொண்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றிருந்தார் குரு.

"என்ன ஆச்சு ஐயா?" என்றார் இப்போது.

"முத்தியால்பேட்டையில ஒரு பேக்கரிம்மா. தெருமுனையிலேயே வாசனை ஆளைத் தூக்குது! அப்பத்தான் அடுப்புலேர்ந்து எடுக்கறாங்க. விடுவேனா? அங்கேயே வெட்டச் சொன்னேன். உள்ள பார்த்தா ஒரே பிசுபிசுப்பு. வேகவே இல்ல."

"அப்புறம்?"

"குருசுக்குப்பத்துல இன்னொண்ணு. மாவைக் கையால பிசைஞ்சு, ராத்திரி முழுக்கப் புளிக்க வெச்சு சுடறாங்களாம். மேல்தோல் என்னா மொறுமொறுப்பு! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. சுடச்சுட வெட்டினா, அதே பிசுபிசுப்பு. நெல்லித்தோப்புலயும் அதே கதை. எல்லாத்தையும் அங்கங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்."

"பையில என்ன?"

"இது நம்ம தெருக்கோடி பேக்கரி. இந்த நிமிஷம் எடுத்தது! ஆனா நம்ப மாட்டேன். கத்தி குடுங்க, பார்த்துடலாம்."

குரு கத்தியை எடுத்தார். மணைக்கு அடியில் வைத்தார். மணை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, கத்தி..."

"காதை வெச்சுக் கேளுங்க."

"எதுல?"

"ரொட்டியில."

மாசிலாமணி குனிந்தார். மேல்தோல் மெல்ல மெல்ல வெடித்துக்கொண்டிருந்தது. நொறுக். நொறுக் நொறுக்.

"ஐயோ, பேசுதும்மா!" என்று துள்ளினார். "என்ன சொல்லுது?"

"இன்னும் முடிக்கல."

அவர் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அம்மா, இந்த ஞானம்ங்கறது..."

குரு ரொட்டியைக் காட்டினார். மாசிலாமணி வாயை மூடிக்கொண்டு திரும்பக் காதை வைத்தார். சத்தம் குறைந்தது. வெகுநேரம் கழித்து நின்றே போனது.

குரு ரொட்டியின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து கத்தியைக் கொடுத்தார்.

வெட்டினால், உள்ளே பஞ்சு! பிசுபிசுப்பு மருந்துக்கும் இல்லை. ஒரு விள்ளல் வாயில் போட்டார். லேசான புளிப்பு, பின்னாலேயே ஓர் இனிப்பு.

"ஆஹா! கண்டுபிடிச்சுட்டேம்மா! ஊருக்கே இந்த ஒரு பேக்கரிதான்!"

"அடுப்புலேர்ந்து எடுத்தாலும் உள்ள வேகறது நிக்காது ஐயா" என்றார் குரு, தமக்கும் ஒரு துண்டு எடுத்தபடி. "சூடு அடங்கினாத்தான் ரொட்டி."

மாசிலாமணிக்கு முத்தியால்பேட்டை ரொட்டி ஞாபகம் வந்தது. குருசுக்குப்பம், நெல்லித்தோப்பு ரொட்டிகள் வந்தன. அதற்கும் முன்னால் பழனியில் பார்த்த குருவும், திருவண்ணாமலையில் பார்த்த குருவும் வரிசையாக வந்தார்கள்.

போன் அடித்தது. செண்பகம்.

"என்னங்க, உபதேசம் ஆச்சா? இல்ல, இந்தக் குருவும் சரியில்லையா?"

"நான் வரல செண்பகம். இங்கேயே இருக்கப் போறேன். இன்னும் சூடு அடங்கல."

"யாருக்கு, அந்தம்மாவுக்கா?"

"எனக்குடி!" என்றார் மாசிலாமணி, சந்தோஷம் தாங்காமல்.