கிணற்றுக்குள் கிடந்த கீரி

ஆவாரங்காட்டுக் குளக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. வெட்டவெளியில் கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டை இட்டிருந்தது. அதில் மூன்று காணாமல் போய்விட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். ஆள்காட்டி யாரைப் பார்த்துக் கத்துகிறதோ, அவரைப் பிடித்து வறண்ட கிணற்றில் தள்ளிவிடுவார்கள். கேள்வி கிடையாது, விசாரணை கிடையாது. ஆள்காட்டிக்கு அதில் தாங்கமுடியாத பெருமை! மூன்றாவது முட்டை போன அன்று புல்லுக்குள் ஒரு கீரி ஓடியது. வால் தெரிந்தது. அவ்வளவுதான், ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்திவிட்டது. கீரி கிணற்றுக்குள் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

அன்று காலை மலைமன்றத்தின் தீர்ப்போடு மரங்கொத்தி வந்தது. மலைமேல் வேங்கை மரத்தடியில் மூன்று யானைகள் கூடி நடத்தும் மன்றம் அது. அதற்கு மேல் மன்றம் கிடையாது.

"எல்லாரும் கேளுங்கள்! கிணற்றில் அடைபட்டவர் யாரானாலும், என்ன குற்றம் என்று அவரிடம் சொல்லவேண்டும். அவர் பேச்சைக் காட்டுச் சபை கேட்கவேண்டும். துணைக்கு ஒருவர் பேசலாம். மூன்று நாளில் இது நடக்காவிட்டால் அவரை விட்டுவிடவேண்டும்!"

குளக்கரையே கொந்தளித்தது.

"திருடனுக்கு உரிமையாம் உரிமை! என் முட்டைக்கு யாரு நியாயம் சொல்றது?" என்று ஆள்காட்டி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது. பாவம், மூன்று பிள்ளையைப் பறிகொடுத்த வயிறு. எரியாதா?

"நல்லாக் கேளுங்கக்கா! அந்தக் கீரி வாயைத் திறக்கவே கூடாது!" என்றது சாரைப்பாம்பு. எல்லாரையும்விட அதன் சத்தம்தான் பெரிது. "நீங்க போய்க் கிணத்தை மறிச்சு உட்காருங்க. முட்டையை நான் பாத்துக்கிறேன்."

தனக்காக இவ்வளவு துடிக்கிறதே என்று ஆள்காட்டி உருகிப்போய்விட்டது. தினமும் விடிந்ததும் கிணற்றடிக்குப் போகும். மான்களும் மயில்களும் கூடச் சேர்ந்து கூச்சல் போடும். உள்ளேயிருந்து கீரி என்னவோ கத்தும். யார் காதிலும் விழாது. மாலையில் ஆள்காட்டி போய் முட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். இப்படியே இரண்டு நாள் ஓடின.

மூன்றாம் நாள் சபைத் தலைவரான கடமான் அதட்டியது. "போதும்! கெடு இன்னியோட முடியுது. ஏத்துங்க கீரியை!"

கீரி எலும்பும் தோலுமாக மேலே வந்தது. அதற்காகப் பேச ஆமை முன்வந்தது.

"முட்டையோட கீரியைப் பாத்தியாம்மா?" என்று ஆமை கேட்டது.

"புல்லுக்குள்ள ஓடினதைப் பாத்தேன்!"

"உடைஞ்ச ஓடு கிடந்துதா?"

ஆள்காட்டி யோசித்தது. "இல்ல. ஒரு துண்டுகூட இல்ல."

அப்போது கீரி ஈனக்குரலில் பேசியது. "நான் கல்லுல மோதி உடைச்சுத்தான் தின்பேன். முழு முட்டை என் வாய்க்குள்ள போகுமா அக்கா? அன்னிக்கு நான் ஓடினது அந்தச் சாரையைத் துரத்திக்கிட்டு! முதல் நாள்லேர்ந்து இதைத்தான் கத்துறேன். உங்க சத்தத்துல என் சத்தம் கேக்கல."

ஆள்காட்டி முட்டையை நோக்கிச் சிறகை விரித்துப் பறந்தது.

கூழாங்கற்களுக்கு நடுவே குழி இருந்தது. முட்டை இல்லை. ஓட்டின் துண்டுகூட இல்லை. குழியில் இன்னும் சூடு ஆறவில்லை. பக்கத்தில் வயிறு புடைத்துக் கிடந்தது சாரை.

ஆள்காட்டி கத்தியது. அப்படி ஒரு கதறலை அந்தக் காடு கேட்டதில்லை. வழக்கப்படி எல்லாரும் ஓடிவந்தார்கள். சாரையைக் கிணற்றடிக்கு இழுத்துப்போனார்கள்.

"இதுக்கு என்ன விசாரணை? தள்ளுங்க உள்ளே!" என்று மான்கள் குதித்தன.

"நில்லுங்க!" என்று குறுக்கே வந்து நின்றது ஆள்காட்டி. கண்ணீர் நிற்கவே இல்லை. "இதையும் கேட்டுட்டுத்தான் தள்ளணும். கீரியை அன்னிக்கே கேட்டிருந்தா என் கடைசிக் குஞ்சு இருந்திருக்கும். கேக்கவிடாம மறிச்சு உட்கார்ந்தவ நான்தான்!"

ஆமை மெதுவாக நகர்ந்து வந்து, சாரையிடம் அதன் குற்றம் என்ன என்று சொல்லத் தொடங்கியது.

பிடிபட்டவனின் வாயை அடைக்கிற ஊர், பிடிபடாதவனுக்குத் தன் வீட்டுக் கதவையே திறந்துவிடுகிறது.